டொலறஸின் முப்பத்திரண்டு அம்பியர்

3 அக்டோபர் 2007, புதன்

இன்றும் வீடு இருண்டது. வானொலிச் செய்தி பாதி வசனத்தில் நின்றது. வாசலில் நிற்கும் மோட்டர்ஹோமுக்குள் டொலறஸ் மின்னடுப்பையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். வேறென்ன?

டொலறஸ் என் மகன் ரவீனின் மாமியார். மகள் தர்ஷினியைப் பார்க்க ஆறு மாத விசாவில் மன்னாரிலிருந்து வந்திருக்கிறார். வந்த மறுநாளே என் அடுப்பில் கருவாடு பொரித்தார். திரைச்சீலைகளைத் தோய்த்துக் காயப்போட்டும் மணம் போகவில்லை. "என்ரை குசினியிலை கருவாடு பொரிக்க ஏலாது" என்றேன். அதில் என்ன பிழை? இங்கே லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் மீன் பொரிக்கவென்றே கராஜுக்குள் ஒரு அடுப்பு வைத்திருக்கிறார்கள். எங்களிடம் கராஜ் இல்லை. கோடையில் யாத்திரை போக ரவீன் வாங்கிய இந்த மோட்டர்ஹோம் வான் இருந்தது. அதை அவவுக்குக் கொடுத்துவிட்டான். சமையலும் படுக்கையும் அதற்குள். என் குசினி யன்னலால் ஒரு வயர் அங்கே போகிறது.

6 அக்டோபர், சனி

ரவீனின் சிநேகிதன் யோகலிங்கம் வந்தார். மின் வேலை செய்பவர். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார், கழற்றச் சொன்னேன்.

"அன்ரி, உந்த வயர் லைட்டுக்கும் சின்ன பிரிட்ஜுக்கும்தான் காணும். அடுப்பு, ஹீட்டர், கேத்தில் எல்லாம் ஒண்டாய் இழுத்தால் தாங்காது. முப்பத்திரண்டு அம்பியரிலை தனி லைன் போடுவம். வானுக்குள்ளை கிடக்கிற பழைய பியூஸ் பெட்டியையும் மாத்த வேணும்."

"ஒரு நேரத்திலை ஒண்டைப் போட்டால் என்ன குறைஞ்சு போம்?"

ரவீன் சிரித்தான். "அம்மா, இந்தக் குளிருக்குள்ளை மாமி என்னெண்டு சமைக்கிறது?"

மிக்சிக்கு ஒரு பிளக் கேட்டு எத்தனை வருடம்! இன்னும் கேத்திலைக் கழற்றிவிட்டுத்தான் மிக்சி போடுகிறேன். எனக்குக் குளிராதோ? நான் கேக்கேக்கை உனக்கு நேரமில்லை, என்னடா—

நாளைக்குப் பூசை இருக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

9 அக்டோபர், செவ்வாய்

பெருவிரல் தடிப்பில் கறுப்பு வயர். படிக்குக் கீழிருந்து சுவரைத் துளைத்து, முன் பாத்தியைக் கிண்டி, வான் வரைக்கும் தாட்டிருக்கிறார்கள். என் ரோசாச் செடிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்திருக்கிறது. "பிறகு நடலாம் அன்ரி."

வானின் பக்கவாட்டில் பெரிய நீலப் பிளக். உள்ளே புதுப் பெட்டி. படிக்குக் கீழ் அலுமாரியில் வானுக்கென்று தனிச் சுவிட்ச். அதன்மேல் யோகலிங்கம் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார்: டொலறஸ் அன்ரி.

நானும் காலஞ்சென்ற என் கணவரும் சேர்ந்து வாங்கிய வீடு இது. என் பெயரில் ஒரு சுவிட்ச் இல்லை.

12 அக்டோபர், வெள்ளி

வானிலிருந்து சிரிப்புச் சத்தம். தர்ஷினியும் இப்போது அங்கேதான் சாப்பிடுகிறாள்.

14 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து கோழி ரோஸ்ட் செய்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் பழக்கியபடி வெள்ளை விரிப்பு விரித்து, முள்ளுக்கரண்டி இடம், கத்தி வலம், நாலு பேருக்கும் வைத்தேன். ரவீன் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ அம்மா, மாமி அப்பம் சுடுறா. சூட்டோடை சாப்பிட வேணும். நீங்களும் வாங்கோவன்."

போகவில்லை. அழைக்கும்போதே ஒரு கால் வாசலில் நிற்பவனோடு போவதா?

முன்னறைத் திரையை விலக்கிப் பார்த்தேன். ஆம், பார்த்தேன். அந்த ஒடுங்கிய மேசையில் மூன்று பேரும் முழங்கை இடிபட இருக்கிறார்கள். டொலறஸ் சட்டியிலிருந்து நேரே தட்டில் தட்டுகிறார். என் மேசையில் "காணும் அம்மா, காணும்" என்கிறவன் அங்கே பிறகும் பிறகும் தட்டை நீட்டுகிறான். விரலை நக்குகிறான்! நான் வளர்த்த பிள்ளை.

கோழி ஆறிவிட்டது. பாவிக்காத தட்டுகளையும் துடைத்து உள்ளே வைத்தேன். அழவில்லை.

19 அக்டோபர், வெள்ளி

செய்துவிட்டேன்.

பின்னேரம் வீட்டு நடையில் போகும்போது படிக்குக் கீழ் அலுமாரியைத் திறந்தேன். அந்தப் பெயரைப் பார்த்தேன். சுவிட்சைக் கீழே தட்டினேன். வான் இருண்டது. நல்லது என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் குசினிக் கதவில் தட்டும் சத்தம். இரண்டு கையிலும் சட்டியோடு டொலறஸ்.

"மச்சாள், கரண்ட் போயிட்டுது. குழம்பு அரை அவியலிலை நிக்குது. உங்கடை அடுப்பிலை ஒருக்கா வைக்கட்டோ? பயப்பிடாதேங்கோ, மீன்தான். கருவாடில்லை."

சட்டி சுடுகிறது, பெண் நிற்கிறார். "செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றேன்.

சட்டி வந்ததும் பின்னாலேயே தர்ஷினி வந்தாள். வேலையால் வந்த ரவீனும் கதிரையை இழுத்துப் போட்டான். வீட்டில் மின்சாரம் இருப்பதால் பிழை வானுக்குள்தான் என்று அவனே முடிவுகட்டி யோகலிங்கத்தைத் தொலைபேசியில் பிடித்தான். ஒன்றையும் தொடவேண்டாம், செவ்வாய் வந்து பார்க்கிறேன் என்றாராம்.

டொலறஸ் முன்னறைச் சோபாவில் படுக்கிறார். போர்வை கொடுத்தேன். நல்லதை அல்ல, மற்றதை.

21 அக்டோபர், ஞாயிறு

என் அடுப்பு, என் அகப்பை, என் மேசை. புகழ் மட்டும் அவவுக்கு. "மாமி, இப்பிடி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதேயில்லை" என்கிறான், என் முகத்துக்கு நேரே. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அது யாருக்கும் தெரியத் தேவையில்லை.

ஆனாலும் நாலு கதிரையிலும் ஆள் இருந்தது.

பிள்ளைகள் எழும்பிப் போனபிறகு டொலறஸ் வெங்காயம் உரித்தபடி சொன்னார்: "வானுக்குள்ளை எல்லா வசதியும் இருக்குது மச்சாள். குறை சொல்லக்கூடாது. ஆனால் அதுகள் வேலைக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்லை. ரேடியோவை ஏசிக்கொண்டு இருக்கிறன்."

நானும் ஏசுகிறவள்தான்.

23 அக்டோபர், செவ்வாய்

யோகலிங்கம் வருவதற்கு முன் சுவிட்சை மேலே தட்டிவிட்டேன்.

வானைத் தலைகீழாய்ப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாய்க் கிடக்குது அன்ரி. எனக்கெண்டால் விளங்கேல்லை."

"என்னண்ணை வேலை செய்தனீங்கள்?" என்று ரவீன் கத்தினான். நான் யோகலிங்கத்துக்குத் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்தேன்.

டொலறஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு வானுக்குப் போனார். போகுமுன் என் அடுப்பைத் தேய்த்துக் கழுவினார், நான் கழுவுவதைவிடச் சுத்தமாக. அதற்கும் எரிச்சல் வந்தது.

24 அக்டோபர், புதன்

பாண் வாட்டித் தனியே சாப்பிட்டேன். வானில் எல்லா வெளிச்சமும் எரிகிறது.

26 அக்டோபர், வெள்ளி

வான் மறுபடியும் இருண்டது. நான் தொடவில்லை. சத்தியமாக நான் தொடவில்லை.

அதற்குச் சற்று முன் டொலறஸ் குளியலறைக்கென்று வீட்டுக்குள் வந்து போனார். நான் மேலே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். இறங்கிவந்து அலுமாரியைத் திறந்தேன். சுவிட்ச் கீழே கிடந்தது. அதில் ஒரு விரல் அகலத்துக்கு அரிசிமா ஈரமாய் ஒட்டியிருந்தது.

நின்று பார்த்தேன். பிறகு கைலேஞ்சியால் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

குசினிக் கதவில் மறுபடியும் தட்டும் சத்தம். இடியப்ப உரலும் குழைத்த மாவுமாய் டொலறஸ். கையெல்லாம் மா.

"மச்சாள், திரும்பவும் கரண்ட் போயிட்டுது."

"அது அப்பிடித்தான் போகும். உள்ளை வாங்கோ" என்றேன்.

ரவீன் வந்ததும் வராததுமாய்த் தொலைபேசியை எடுத்தான். "யோகலிங்கத்தைக் கரைச்சல்படுத்தாதை. இங்கை என்ன இடமில்லையோ?" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான்.

டொலறஸ் தலை நிமிரவில்லை. மா பிழிந்துகொண்டிருந்தார்.