வளையல் போட்ட கை

கருணாபுரம்,
வைகாசி 20

அன்பு மகள் ஷாலினிக்கு அம்மா ஜெயம்மாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆகாஷும் பெங்களூரில் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். கல்வராயன் மலைப் பக்கம் மழை பிடித்துவிட்டதாம், இங்கே வெறும் மூடாக்குதான். மூடாக்காக இருந்தால் கூடையைப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

நீ போனை எடுப்பதில்லை. ‘அப்பாவ மறந்துட்டியாம்மா’ என்று ஒரு வரி அனுப்பினாய், அதோடு சரி. மணலூர்பேட்டை அத்தை சாலம்மாள்தான் அந்தப் படத்தை உனக்கு அனுப்பினாளாம், அவளே பெருமையாகச் சொன்னாள். “எந்தம்பி செத்து வருசம் திரும்பல, கை நெறைய வளையல் மாட்டிக்கினு படம் புடிச்சிப் போட்டுக்கினு கீறா” என்று உறவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாலம்மாள் வாய்க்கு என்னால் பூட்டுப் போட முடியாது. நடந்ததை உனக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வயர் கூடையை ஆன்லைனில் விற்க ஆரம்பித்தபோது வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில்தான் படம் எடுத்தேன். சிவப்புக் கூடை ஆரஞ்சாகத் தெரிந்தது. வாங்கியவள், படத்தில் இருந்தது இது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மகளிர் குழுப் பயிற்சிக்கு வந்த தமிழ்மொழி என்ற பெண், “தொட்டுப் பாத்து வாங்க முடியாதுங்கக்கா, படத்துலயே எல்லாம் தெரியணும்” என்றாள். காலை வெயில் ஏறுவதற்குள் வாசல் நிழலில் எடுக்கச் சொன்னாள், பின்னால் வெள்ளைத் துணி கட்டச் சொன்னாள். நம் வீட்டில் வெள்ளைத் துணி என்றால் உன் அப்பா வேட்டிதானே. கட்டினேன். கட்டும்போது அழுதேன், ஆனால் படம் பளிச்சென்று வந்தது.

பிறகு வாங்குகிறவர்கள் அளவு தெரியவில்லை என்றார்கள். கையில் பிடித்து எடுத்தால் தெரியும் என்றாள் அந்தப் பெண். அப்படியே எடுத்துப் போட்டேன். அவள் வெளியூர், சின்ன வயசு, அவளுக்கு என்ன தெரியும்? எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நான் போடுவது கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்கிற கூடை. களமருதூரில் ஒரு பெண் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள். “யாரு கைம்மா இது, மொட்டையா கீது? நல்ல காரியத்துக்கு வாங்குறோம்” என்றார்கள். என் கைதான் என்று சொன்னேன். வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்.

வேறு கை தேடினேன் ஷாலினி. போன ஆனியில் அந்த விஷச் சாராயம் குடித்து உன் அப்பாவோடு சேர்த்து நம் தெருவில் வீடு வீடாகச் சாவு விழுந்ததே, இப்போது நம் பக்கம் யார் கையில் வளையல் இருக்கிறது? பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு நீட்டினால் அதுவும் என் கை மாதிரிதான். புருஷன் இருக்கிற இரண்டு பேரைக் கேட்டேன். தாலி அறுத்தவள் கூடையைப் பிடித்தால் தங்களுக்கும் ஏதாவது ஆகுமோ என்று பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

அதன் பிறகுதான் உன் வளைகாப்பு வளையலை எடுத்தேன். பிரசவத்துக்குப் போகும்போது நீ கழற்றி வைத்தாயே, உன் அப்பா பேரம் பேசாமல் வாங்கி வந்த பச்சை வளையல். கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினேன். வாசலுக்கு வந்து படம் எடுத்ததும் கழற்றிவிட்டேன். அந்தப் படத்துக்குப் பிறகு கூடை விற்றது, அதையும் மறைக்க மாட்டேன்.

நீ கேட்ட அன்றைக்கே அதை எல்லா இடத்திலும் அழித்துவிட்டேன். என் போனில் மட்டும் இருக்கிறது. அதில் முகம் இல்லை, கை மட்டும்தான். அதைப் பார்த்தால் உன் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், பொழுது சாய வந்துவிடுவார் என்று தோன்றுகிறது. அவரை நான் மறந்தேனா என்று நீ கேட்கலாமா?

ஆனியில் வருஷப் படையல். வந்துவிடு. கூடை வேண்டாம், கரும்பு வெட்டப் போ என்று நீ சொன்னால் நாளைக்கே போகிறேன். கோபம் தீரவில்லை என்றால் நேரில் வந்து திட்டு, எனக்கு உன் குரல் கேட்டால் போதும்.

நீ கடைசி வரைக்கும் பூவும் பொட்டுமாக, கை நிறைய வளையலோடு இருக்க வேண்டும். இதை என் வாயால் சொன்னால் ஆகாது என்று சாலம்மாள் சொல்லுவாள். நம்பாதே. உன்னைப் பெற்ற வாய் இது.

இப்படிக்கு,
உன் அம்மா