கிள்ளான் கல்லில் ஏறிய பெயர்கள்

அக்காவுக்குக் கணவராக வந்து எனக்கு அண்ணனாகிப் போன என் அத்தானுக்கு,

நலமா என்று எழுதிப் பழகிய கை அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டது. அதனால் எங்கள் செய்தியைச் சொல்லியே தொடங்குகிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். அக்காவும் பிள்ளைகளும் இப்போது என்னோடு கிள்ளான் தோட்டத்தில் இருக்கிறார்கள். ரப்பர் விலை விழுந்தது விழுந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் என் கிராணி வேலை மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே ஸ்டோரில் ஆணியும் திருகும் எடுத்துக் கொடுக்கும் வேலை உங்களுக்கு. மனசெல்லாம் பழைய எழுத்தில். வாசகசாலையில் எந்த இதழ் வந்தாலும் அதில் மண்ணுக்கடியில் கிடைத்த எழுத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ரயிலில் வந்து இறங்கினால் வணக்கத்துக்கு முன்னால் அந்தப் பேச்சுதான் வரும். "செத்த ராஜாக்களோட எழுத்தெல்லாம் தெரியும் இவருக்கு. வீட்டுல உப்பு தீர்ந்தது மட்டும் தெரியாது" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

சீன தேசத்து ராஜா ஒருவனுக்குப் பல்வலி வந்ததாம். எந்த மூதாதையின் கோபம் இது என்று மாட்டெலும்பில் கீறிக் கேட்டானாம். அதை நீங்கள் கன்னத்தில் கை வைத்து நடித்துக் காட்டியது என் கண்ணிலேயே நிற்கிறது. சிந்து நதிப் பக்கம் கிடைத்த முத்திரைகளை இன்னும் ஒருவராலும் படிக்க முடியவில்லை என்று சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கிவிடும். "பாவம்டா, அவ்வளவு கவனமாச் செதுக்கியிருக்கான். என்னமோ சொல்லத்தானே வந்திருக்கான்?" என்பீர்கள். யாருக்காக அந்த வருத்தம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

முளைக்குச்சிகள் அடித்த கதைக்கு வருகிறேன். தோட்டத்தின் கீழ்க்கோடியில், பால்மரங்கள் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில், லோரி போக ஒரு சாலை போட முடிவு செய்தார்கள். குச்சி அடித்துக் கயிறு கட்டியாயிற்று. அந்த ஞாயிறு நீங்கள் வந்திருந்தீர்கள். நாம் அந்தப் பக்கம் நடந்தபோது மாரியாயி கயிற்றுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நம் தோட்டத்தில் பால்மரத்தைச் சீவி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். வெற்றிலையும் பாக்கும் வெறும் மண்ணில் வைத்திருந்தாள்.

"என்னம்மா இங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"எங்க வீட்டுக்காரரு இங்கதாங்க இருக்காரு" என்றாள். "காடு வெட்டுனப்ப வந்த காய்ச்சல்ல போனாரு. இவரு மட்டும் இல்லீங்க. அந்த மரத்துலேருந்து வாய்க்கா வரைக்கும் நம்ம ஆளுங்கதான்."

மறுநாள் தோட்டத்து வெள்ளைத் துரையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அத்தான். ஆனால் விலை விழுந்த நாளிலிருந்து அவருக்கும் தூக்கமில்லை. தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "கிராணி, அங்கே கல் இருக்கா? பேர் எழுதியிருக்கா? எழுத்து இல்லே, சொந்தக்காரன் இல்லே. எப்படி நான் சாலை நிறுத்துவேன்?"

அடுத்த ஞாயிறு உங்களிடம் இதைச் சொன்னேன். நீங்கள் பாபிலோன் பக்கத்துக் களிமண் பலகைகளைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே கோயில் வயலில் வேலை செய்தவர்களுக்கு அளந்த பார்லியை எழுதி வைத்தார்களாம். அதில் கூலிக்காரர்களின் பெயர்கள்கூட இருக்கின்றனவாம். "நீயும் அதைத்தானே எழுதறே? செக்ரோல்ல தினமும் பேர் போடறே. ஆள் செத்தா ஒரு கோடு போடறே. எழுத்து ராஜாவுக்கும் கணக்குக்கும் மட்டும் பொறந்ததில்லடா. நம்ம ஊர்ல மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல்லு நட்டுப் பேர் வெட்டியிருக்காங்க. இவங்க யாருக்குக் கொறைஞ்சவங்க?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. கல் நட்டால் வேலை போவது எனக்கு, உங்களுக்கு இல்லையே! அதைச் சொன்னேன். "போனா பிரிக்பீல்ட்ஸுக்கு வா. ஒரு தட்டுச் சோத்தை ரெண்டாப் போட்டுக்குவோம்" என்றீர்கள்.

அதன் பிறகு ஞாயிறெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் உங்களுக்கு. வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களின் பெயரைக் கேட்டீர்கள். பல பெயர்கள் கிடைத்தன. சிலருக்குப் பெயரே கிடைக்கவில்லை. ஒருவரை எல்லாரும் குழல்காரர் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம், இடது கையில் ஒரு விரல் பாதி இல்லை. அதை வைத்துக்கொண்டே குழல் ஊதுவார். அதற்குமேல் ஒருவருக்கும் தெரியாது. பட்டப்பெயரைக் கல்லில் வெட்டுவது மரியாதையில்லை என்று கங்காணி முறுக்கிக்கொண்டார். அப்போது மாரியாயி போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். "மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! நாங்க அழுதப்ப அந்தப் பேரைச் சொல்லித்தானே அழுதோம்? அதையே எழுதுங்க சாமி!"

கிள்ளான் பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் சமாதிக்கல் வெட்டும் சீனன் ஆ லோக்கிடம் கல் சொன்னீர்கள். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் நீங்களே கல்லின்மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதினீர்கள், அவன் அதன்மேல் உளி பிடித்தான். பாசார் மலாயில் இருவருக்கும் என்ன பேச்சு! அவன் வீட்டில் முன்னோரின் பெயரை மரப்பலகையில் எழுதி வைத்துக் கும்பிடுவார்களாம். கடைசியாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால்தான் ஆவி அதில் வந்து உட்காருமாம். நம் பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது, படிக்கிறவன்தான் வாயால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். "அப்போ உங்க ஆவி எல்லாம் எங்கே லா உட்காரும்?" என்று அவன் கேட்டான். நீங்கள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அதுதான் நான் கேட்ட உங்கள் கடைசிச் சிரிப்பு. அந்த வாரம் ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ரயிலேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வழியெல்லாம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, அத்தான்? உங்களோடு அன்று போட்ட சண்டையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்றுதான்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்காதான் கேட்டாள். "அந்தக் கல்லு என்னாச்சு?" பாதி வெட்டியபடியே கிடக்கிறது என்றேன். "வா, போய்ப் பாக்கலாம்" என்றாள். ஆ லோக்கின் கொட்டகையில் கல் கிடந்தது. உளி படாத வரிகளில் உங்கள் வெள்ளை எழுத்து அப்படியே இருந்தது. ஒவ்வொரு 'ழ'வுக்கும் நீங்கள் இழுத்துவிடும் அந்த நீள வால். அக்கா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஆ லோக் உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். பிறகு அந்த வாலைக்கூட விடாமல் வெட்டி முடித்தான்.

கல்லை நட்டோம். மறுநாள் காலையிலேயே துரை குதிரையில் வந்து இறங்கினார். "யார் கேட்டு வச்சே?" என்றார். நான்தான் வைத்தேன், தொரை என்றேன். மாரியாயி பால்வாளியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. துரை கல்லைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "எழுத்து வந்தது. சொந்தக்காரன் எங்கே? இவ ஒருத்திதானே?" என்று சொல்லிவிட்டுப் போனார். சாலை வேலை தைப்பூசம் முடிந்து தொடங்கும் என்று உத்தரவு வந்தது.

தைப்பூசத்துக்கு நம் ஆட்கள் பத்துமலைக்குப் போனார்கள். அங்கே பார்த்தவர்களிடமெல்லாம் மாரியாயி கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். குழல்காரரின் விரலைப் பற்றிச் சொல்லும்போது, சுங்கை பூலோ பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

அவர் பெயர் சின்னவீரன். அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார். கல்லில் அந்த வரியை நான் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"எங்க அண்ணங்க. கரும்பு வெட்டயில போன விரலு அது. இவரைத் தேடித்தாங்க நான் கப்பலே ஏறுனேன். எந்தத் தோட்டம்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பேரு முத்துவீரன்ங்க. எழுதிக்கிறீங்களா?" என்றார்.

அவரைத் துரையின் பங்களாவுக்கு அழைத்துப் போனேன். சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்றேன். துரை எழுந்து நின்றார், அத்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரமே முளைக்குச்சிகளைப் பிடுங்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடித்தார்கள். சாலை இப்போது ஒரு வளைவு வளைந்து போகிறது. லோரிக்காரர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

கல்லின் அடியில் உங்கள் பெயரையும் வெட்ட வேண்டும் என்று லயத்தில் கேட்டார்கள். அக்கா மறுத்துவிட்டாள். "அது அவங்க வீடு. விருந்தாளி பேரைச் சுவத்துல எழுதுவாங்களா?" என்றாள். "விருந்தாளியாம்மா அவரு?" என்று மட்டும் மாரியாயி கேட்டாள். நீங்கள் இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

உங்களைக் கிள்ளான் கடலில் கரைத்தோம். உங்களுக்குக் கல் கிடையாது. அதனால் ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். நான் கிராணியாக இருக்கிற வரைக்கும் இந்தத் தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும், மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் பெயரும் ஊரும் கேட்டுப் பலகையில் எழுதி நடுவேன். போன வாரம் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. இன்னும் பெயர் வைக்கவில்லை என்று தாய் அழுதாள். இப்போது வைம்மா, நான் காத்திருக்கிறேன் என்றேன். அவள் யோசித்து ஒரு பெயர் சொன்னாள். எழுதினேன்.

இப்படிக்கு,
உங்களோடு போட வேண்டிய சண்டை இன்னும் நிறைய பாக்கி வைத்திருக்கும்
உங்கள் மைத்துனன்,
கணேசன்