மூன்றாவது கியர்

திருச்சுழி
10.2.1996

அன்பு மகள் ஈவாவுக்கு,

அப்பா ஜான்ராஜ் எழுதுவது. ஆண்டவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் காக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நான் ஓட்டும் பஸ்ஸுக்குத்தான் சுகமில்லை. இன்னும் அருப்புக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறது. வீரசோழன் ரூட்டில் சனங்கள் அடுத்த கம்பெனி வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

விஷயம் இதுதான். பிரித்துப் போட்ட கியர்பாக்ஸைத் திரும்பப் பூட்டப் போனால் மூன்றாவது கியர் சக்கரத்தைக் காணோம். மெக்கானிக் முத்துமணி மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டார். இரும்புக்கு என்ன, காலா முளைத்துவிட்டது?

முதலில் முத்துமணி மேல்தான் எனக்குச் சந்தேகம். பழைய இரும்புக்காரன் எந்நேரமும் அவர் வாசலில்தான் நிற்கிறான். ஆனால் எடைக்குப் போடுகிறவர் ஒற்றைச் சக்கரத்தை மட்டுமா எடுப்பார்?

பிறகு உன்கூடப் படிக்கும் காரியாபட்டிப் பையன் ரூபன் ஞாபகம் வந்தது. குடியரசு தின லீவில் நீங்கள் இருவரும் காலேஜ் வேலைக்காக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கியர்பாக்ஸை அளவெடுத்தீர்களே, அன்றைக்கு முழுக்க அங்கிள், அங்கிள் என்று என்னையே சுற்றி வந்தான். காரணமில்லாமல் ஒருவன் அவ்வளவு மரியாதை கொடுப்பானா? ஐந்து ஸ்பீடு கியர்பாக்ஸைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சக்கரமாக வரைந்து பூட்டப்போகிறோம் என்றான். படத்துக்கு எதற்கு நிஜச் சக்கரம் என்று கேட்டேன். இம்மி பிசகினாலும் பல்லோடு பல் சேராது என்றான். அன்றைக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. உன் அம்மாவோ நல்ல பிள்ளை என்று அவனுக்குக் கோழி அடித்துப் போட்டாள்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, முதலாளி சோலைச்சாமி கூப்பிட்டுவிட்டார். "ஏம்ப்பா, ஒம் மக வந்துட்டுப் போன பெறகுதான் காணோம்ங்கிறாக. ஒன்னையச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுகிப்போகும். ஒம் மக மேல ஒரு சத்தியம் பண்ணிட்டுப் போ, நான் புதுசுக்குச் சொல்லிருதேன்" என்றார். நம் சபையில் சத்தியம் செய்யக் கூடாது. ஆனாலும் செய்தேன். என் மகள் ஈவா தலைமேல் ஆணை, என் வீட்டு ஆள் யாரும் அதைத் தொடவில்லை என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா முகம் மாறிவிட்டது. நீ போன ஞாயிறிலிருந்து கொடியில் கிடந்த நீலத் துண்டைக் காணோமாம். குளியலறைச் சோப்பெல்லாம் கிரீஸாம். "சின்னப்பிள்ளை செஞ்சிருச்சு, கோவப்படாதீக" என்றாள்.

போன சனிக்கிழமை ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய்? அம்மாவைப் பார்க்க என்றாய். வரும் வழியில் அருப்புக்கோட்டையில் இறங்கினாயா? சாப்பிடும்போது, "மூணாவது கியர் மட்டும் கம்ப்யூட்டர்ல ஜோடியோட சேர மாட்டேங்குதுப்பா, எங்கயோ அளவு தப்பியிருக்கு" என்றாய். மதுரைக்கு பஸ் ஏற்றிவிட வந்தபோது பையைத் தரமாட்டேன் என்று விலகிப் போனாய். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. புத்தகக் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டிருந்தால் முதலாளியிடம் சொல்லி நானே வாங்கித் தந்திருப்பேன். அப்பா தரமாட்டார் என்று நினைத்துவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அளவை நன்றாக எடுத்துக்கொள். பிறகு அதைச் சாக்கில் கட்டி, நம் ஊர் வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. நானே முதலாளி முன்னால் கொண்டுபோய் வைத்து, என் மகள்தான் எடுத்தாள், நான் செய்தது பொய்ச் சத்தியம் என்று சொல்லிவிடுவேன். வண்டியை விட்டு இறங்கு என்றால் இறங்கிவிடுகிறேன். அந்தச் சத்தியம் உன் தலைமேல் நிற்கக் கூடாது.

ரூபன் மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அது வேறு சந்தேகம். நேரில் பேசுவோம்.

ரோட்டைப் பார்த்துக் கடந்து போ. பஸ் நிற்பதற்கு முன் இறங்காதே. வியாழக்கிழமைக்குப் பிறகு காய்ச்சல், தலைவலி என்று உனக்கு ஏதாவது வந்ததா? கியர் மெதுவாக வரட்டும். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி இன்றைக்கே எழுதிப் போடு, தாயே.

உன் அப்பா,
ஜான்ராஜ்