கார்டில் மறுபடியும் உங்கள் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தாமரை. உங்கள் கண்ணுக்காகப் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். எரிச்சல் குறைந்ததா? போனில் சொன்னால் சத்தம் போடுவீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் லேசான காய்ச்சல். கிளினிக்கில் கம்பெனி மெடிக்கல் கார்டை நீட்டினேன். கவுண்டர் அக்கா கணினியில் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யாது லா. நீ பார்ட் டைமுக்கு மாறிட்டதானே?" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்களை ஈப்போவில் கண் டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டேன். குறைத்ததும் கார்டிலிருந்து என் பெயரோடு உங்கள் பெயரும் போய்விட்டது.

கவலைப்படாதீர்கள். மேனேஜரிடம் கேட்டு முழுநேரத்துக்கே திரும்பிவிட்டேன். கார்டும் வந்துவிட்டது. வியாழக்கிழமை நீங்கள் கார்டைக் காட்டியே, காசு கட்டாமல், கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளலாம். எனக்குத்தான் லீவு கிடைக்காது. பக்கத்து வீட்டு விஜயன் அண்ணன் உங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார்.

இங்கே ஏர்கான் குளிர் அதிகம். போர்த்திக்கொள்ள, நீங்கள் கட்டிய பழைய சேலை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பிரேக் முடிந்தது, நிறுத்துகிறேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டால், மகள் கார் நிறுத்தப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள் அம்மா.

தாமரை