கிண்ணத்தை மேசையில் வை

லீஸ்பெத்துக்கு,

வெள்ளிக்கிழமை சபையின் இலவச சூப் வரிசையில் நீ நின்றாய். கிர்கீஸ்காரனைக் கட்டியதற்காகச் சபை விலக்கி வைத்தவள் நீ. உன் கையிலிருந்து நாங்கள் எதையும் வாங்கக் கூடாது. தெரிந்தும், சூப் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடமே கிண்ணத்தை நீட்டினாய்.

"மேசையில வைடி" என்றேன். வைத்தாய். இறைச்சித் துண்டு பார்த்துத்தான் ஊற்றினேன்.

பின்னால் நின்ற குடிகாரன் குபாத் சிரித்தான். "என் கையில வாங்குறீங்க, பெத்த மக கையில வாங்க மாட்டீங்களா?"

"நீ எங்க சபையில இருந்ததே இல்லையேப்பா" என்றேன்.

நம் ஜெர்மன் முன்னோர் இந்த மலையடிக்கு வந்த நாளிலிருந்து நம் சபை யாரையும் பட்டினி போட்டதில்லை. அடுத்த வாரம் உன் மகள் ஐபெரியை அனுப்பு. ஞானஸ்நானம் எடுக்காத குழந்தையைச் சபை விலக்கவில்லை. அவள் கையில் வாங்கலாம். நான் யாரென்று மட்டும் சொல்லி அனுப்பாதே. பாட்டி என்று கூப்பிட்டால் என் கரண்டி நின்றுவிடும், வரிசையும் நின்றுவிடும்.

கர்த்தருக்குள்,
உன் அம்மா