மீன் எண்ணெய் போட்ட பி.எம்.டபிள்யூ.

எனக்குக் கூட்டாளியாக இருந்து பிறகு மாப்பிள்ளையாகவும் ஆன சூசைக்கு,

மண்டபத்திலிருந்து, வள்ளம் கட்டுகிற ஓடாவி சந்தியாகு எழுதுகிறேன். நாளை கல்லறைத் திருநாள். உன் குழிமேட்டில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு இதைச் சத்தமாகவே வாசிக்கப் போகிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்டால் கேட்கட்டும். உன்னை நான் திட்டியதும் கோவில் வாசலில், பூசை முடிந்து ஊரே வெளியே வந்த நேரத்தில்தானே?

என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "ஏலே, என் தங்கச்சி என்ன ரயிலுக்குக் கைகாட்டி மரமா? போறவன் வாரவன் எல்லாம் பாக்க, ரோட்டுல கையை நீட்டிக்கிட்டு வாரா!" நீ பதில் சொல்வதற்குள், உனக்கு வாக்கப்பட்ட என் தங்கச்சி பிலோமினாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீட்டுறது நானு. கேக்குறதை என்னையக் கேளு" என்றாள். அதன் பிறகு பதினோரு மாதம் உங்கள் வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

விவரம் தெரியாதவர்கள் யாராவது பக்கத்தில் நின்றால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடி வள்ளத்தில் உனக்கிருந்த பங்கை விற்று, பாண்டிச்சேரியை விட்டுத் தன் நாட்டுக்குப் புறப்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து நீ யுத்தத்துக்கு முந்தின பழைய பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றை வாடகைக்கு ஓட்ட வாங்கி வந்தாய். முகப்பில் நீலமும் வெள்ளையுமாக வட்டப் பொட்டு. ஜெர்மனி வண்டி என்று நீ தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாலும் மண்டபத்துக்காரர்களுக்கு அது 'பிரெஞ்சு வண்டி'தான். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நம் ரோட்டில் கைச்சைகை காட்ட வேண்டியதோ வலது பக்கம். இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற உன் கை அங்கே எட்டுமா? அதற்காக வலது சீட்டில் பிலோமினாவை உட்கார வைத்தாய். நீ "வலது" என்றால் அவள் கை வெளியே வரும். வளைவு முடிந்து நீ "போதும் பிலோ" என்று சொல்கிற வரை உள்ளே போகாது. ஒரே ஒரு தடவை உங்களோடு ராமநாதபுரம் வரை வந்தேனே, அன்றைக்குக் கண்ணால் பார்த்த எரிச்சலில்தான் கோவில் வாசலில் அப்படிக் கேட்டேன்.

முதல் வருஷம் அது எந்த அதிகாரி கண்ணிலும் படவில்லை. அடுத்த வருஷம் எப்.சி.க்குப் போனபோது பட்டுவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர், "பொண்டாட்டி கையெல்லாம் சட்டத்துல செல்லாதுய்யா. இடது ஸ்டியரிங் வண்டிக்குத் தனியா கைகாட்டி மிஷின் வைக்கணும்" என்று திருப்பி அனுப்பினார். வண்டி ஓடத் தகுதியானது என்று அவர் எழுதித் தருகிற அந்த எப்.சி. இல்லாமல் வாடகைக்கு ஓட்ட முடியாது. கைகாட்டி தேடி நீ மதுரைக்குப் புறப்பட இருந்தாய். அதற்குள் காமாலை வந்து படுத்தாய். நான் வந்து நின்றபோது உனக்கு ஆள் தெரியவில்லை. உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன் மாப்பிள்ளை. அதுவும் உனக்குத் தெரிந்திருக்காது.

இனி நீ போன பிறகு நடந்தது.

வண்டி உன் வீட்டுக் கொல்லையில் இரண்டு வருஷம் நின்றது. உப்புக்காற்று சும்மா விடுமா? அடித்தகரம் முறுக்கு மாதிரி நொறுங்கியது. மதுரையிலிருந்து காயலான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பிலோமினா கொடுக்கவில்லை. கருவாட்டுக்கு உப்புப் போட்டு அடுக்குகிற கிட்டங்கிக்கு வேலைக்குப் போய்ப் பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொண்டாள். உப்பில் அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது. வாடகை பெர்மிட்டைத் தன் பேருக்கு மாற்றி வாங்கினாள். அதை எப்படித்தான் வாங்கினாளோ! ஆனால் அதிலும் ஒரு கெடு போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ராமநாதபுரத்துக்கு வந்து வண்டி பார்க்கிற இந்த ஐப்பசி கேம்ப்பில் எப்.சி. வாங்கவில்லை என்றால் பெர்மிட் போய்விடும். பெர்மிட் போனால் வண்டி காயலான் கடைக்கு, அவள் ஆயுசுக்கும் கிட்டங்கிக்கு.

ஒருநாள் காலையில் நான் வள்ளத்துக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, உளி, வாச்சி, இழைப்புளி மூணும் குடு. பத்து நாள்ல திருப்பித் தாரேன்."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"வண்டியைப் பிரிச்சோம். தகரத்துக்கு உள்ள முச்சூடும் மரமா இருக்கு. மக்கிப் போச்சு. காதர் பாய்க்கு மரவேலை தெரியாதாம்."

"அதுக்கு நான் வாரேன்."

"நீ வர வேணாம். உளி மட்டும் குடு."

உளிப்பையைத் தூக்கித் தோளில் போட்டேன், அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். திரும்பிப் பார்த்தாள், ஆனால் விரட்டவில்லை.

காதர் பாயை உனக்கே தெரியும், ராமநாதபுரம் லாரி செட்டில் உன்னோடு டீ குடிப்பாரே, அந்த மெக்கானிக்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகும் வேறு நாட்களில் வேலை முடிந்த பிறகும் வந்து உன் வண்டியைப் பிரித்து வைத்திருந்தார். கதவைத் திறந்து காட்டினார். நான் அசந்து போனேன். அந்த வண்டியை முழு இரும்பு என்றல்லவா நினைத்திருந்தேன்? வள்ளத்துக்கு விலா எலும்பு மாதிரி வங்கு வைத்துப் பலகை அடிக்கிறோம் பார், அதே மாதிரி வளைத்த மரத்தின் மேல் தகரத்தைப் போர்த்தியிருந்தான் ஜெர்மனிக்காரன். எந்த ஊர் ஓடாவியோ, மூட்டு ஒவ்வொன்றும் மயிர் நுழையாமல் இருந்தது. "இதை ஏன்லே எனக்கு முன்னாலயே சொல்லல?" என்று உன்னைத்தான் வாய்விட்டுக் கேட்டேன். கேட்ட பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பிறகு நான் வள்ள வேலைக்குப் போகவில்லை. பூவரசில் இயற்கையாக வளைந்த கிளைகளாகப் பார்த்து அறுத்து, மக்கிய மரம் அத்தனையையும் மாற்றினேன். காதர் பாய் அடித்தகரத்தைப் புதிதாக வெட்டி ஒட்டினார். உப்பில் இறுகிக் கிடந்த பிரேக் கம்பிகளை மாற்றினார். பின்விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் வந்தன. மதுரையில் உடைத்த ஒரு வண்டியிலிருந்து கைகாட்டி ஒரு ஜோடி கிடைத்தது. கதவுக்குப் பின்னால் நிற்கிற மரத்தூணில் அதற்கு நான் குழி வெட்டினேன். பட்டனை அமுக்கினால் மஞ்சள் விளக்கோடு ஒரு சின்னக் கை வெளியே வந்து நிற்கும். பிலோமினா அதைப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தாள்.

அன்றைக்குக் காதர் பாயிடம் சொன்னேன்: "இது அப்பவே இருந்திருந்தா என் தங்கச்சி ஊரு சிரிக்கக் கையை நீட்டியிருக்க வேணாம்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "யாரு சிரிச்சா ஓடாவியாரே? உங்க காதுல விழுந்துச்சா? ஸ்டாண்டுல ஏழு வண்டி நிக்கும், பொம்பளையாளுக தனியா வந்தா இந்த வண்டியைத்தான் தேடுவாக. எங்க வீட்டுக்காரிக்குத் தலைப்பிரசவத்துல இடுப்புவலி எடுத்தப்ப நான் ஊருல இல்ல. பிலோமினா முன்னால உக்காந்திருக்கிற தைரியத்துலதான் எங்க உம்மா அதை வண்டில ஏத்தி விட்டுச்சு."

யார் சிரித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை மாப்பிள்ளை.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராமநாதபுரத்தில் கேம்ப். வெள்ளிக்கிழமை காதர் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார், பிலோமினா கிட்டங்கியில் இருந்தாள். வண்டி பளபளவென்று நின்றது. புது வள்ளத்தைக் கடலில் இறக்குவதற்கு முந்தின நாள் என்ன செய்வோம்? அடியில் மீன் எண்ணெய் போடுவோம். போடாமல் இறக்கினால் எங்கள் அய்யா செருப்பைக் கழற்றிவிடுவார். இத்தனை பாடுபட்டுவிட்டு உன் வண்டியை மட்டும் வெறும் அடியோடு விடலாமா? படகுத் துறைக்குப் போய் ஒரு டின் எண்ணெய் வாங்கி வந்து, மல்லாக்கப் படுத்து, மரம், தகரம், கம்பி, சக்கரத்துக்கு உள்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் ஊற்றித் தேய்த்தேன். உனக்குச் செய்கிற மரியாதையாகத்தான் செய்தேன்.

மறுநாள் போகிற வழியிலேயே பிரேக் கொஞ்சம் வழுக்குகிறது என்றார் காதர் பாய். புதுக் கம்பி, படிந்துவிடும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். மைதானத்தில் வண்டி நின்றதும் பனைமரத்துக் காக்கைகள் அத்தனையும் வந்து கூரையில் உட்கார்ந்துவிட்டன. இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னய்யா இது, காரா கருவாட்டுக் கடையா?" ஆனாலும் முறையாகப் பார்த்தார். விளக்கு சரி. ஹாரன் சரி. கைகாட்டி இரண்டு பக்கமும் சரி. நல்ல மரவேலை என்று தூணைத் தட்டிக்கூடப் பார்த்தார். பிறகு வலது சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வேகமா எடுத்துட்டு வந்து, நான் சொல்லும்போது இந்தச் சுண்ணாம்புக் கோட்டுல நிப்பாட்டு" என்றார்.

வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, டீக்கடைக்கு முன்னால் குவித்திருந்த மணலில் மூக்கைக் கொடுத்துத்தான் நின்றது. சக்கரத்திலிருந்து மீன் பொரிக்கிற புகை வந்தது.

காதர் பாய் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே விரலால் தொட்டு முகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன். பிலோமினா என் பக்கத்தில் வந்து மெதுவான குரலில் கேட்டாள்:

"வேணும்னே செஞ்சியாண்ணே?"

கோவில் வாசலில் நான் உன்னைக் கேட்டதற்கு அன்றைக்கு எனக்குக் கூலி கிடைத்தது. "அந்தோணியார் சத்தியமா இல்லத்தா. வள்ளத்துக்குப் போடுற மாதிரி போட்டேன்" என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று இன்றைக்கும் நான் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். "மூணரைக்கு நான் கிளம்புறேன். அதுக்குள்ள நிப்பாட்டிக் காட்டு, எழுதித் தாரேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று வேறு வண்டிக்குப் போனார். காதர் பாய் நான்கு சக்கரத்தையும் கழற்றி பெட்ரோலில் கழுவினார், பிரேக் கட்டைகளைத் தீயில் காட்டினார். காட்டக் காட்ட எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. மணி இரண்டேமுக்கால். புதுக் கட்டைக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பிலோமினா டீக்கடை அடுப்படிக்குப் போய் ஒரு சட்டி நிறையச் சாம்பல் அள்ளி வந்தாள். "விலாங்கு வழுக்குனா எதைப் போட்டுப் பிடிப்போம்? இதைத்தான. தள்ளுங்க பாய்" என்று கீழே உட்கார்ந்தாள். வெடித்த விரலால் சாம்பலை அள்ளி அள்ளிக் கட்டையில் தேய்த்தாள். சாம்பல் எண்ணெயைக் குடித்துக் கறுக்கும், தட்டிவிட்டு மறுபடி தேய்ப்பாள். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். கடைசியில் காதர் பாய் உப்புத்தாள் போட்டு உரசி, துடைத்து மாட்டினார்.

மூன்று இருபதுக்கு வண்டி மறுபடி ஓடியது. இன்ஸ்பெக்டர் "நிறுத்து" என்றார். நின்றது. இன்னொரு தடவை என்றார். முன்சக்கரம் கோட்டிலேயே நின்றது. மூன்றாவது தடவைக்குப் பிறகு இறங்கிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு பிலோமினாவிடம் நீட்டினார். "புதுக் கட்டை போடாம ஆளு ஏத்தக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். போட்டாயிற்று மாப்பிள்ளை, அடுத்த வாரமே போட்டோம். இப்போது காதர் பாய் லாரி செட்டை விட்டுவிட்டு உன் வண்டியைத்தான் ஓட்டுகிறார். பிலோமினா கிட்டங்கிக்குப் போவதில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதைச் சொல்ல இல்லை. அன்று சாயங்காலம் திரும்பி வந்தோம். காதர் பாய் மெதுவாக ஓட்டினார். பிலோமினா வலது சீட்டில் அவள் பழைய இடத்தில் இருந்தாள், நான் பின்னால். மண்டபத்தில் நம் கோவில் தெருவுக்குள் வலது பக்கம் திரும்ப வேண்டும் அல்லவா? காதர் பாய் பட்டனை அமுக்கினார். கைகாட்டி மஞ்சள் விளக்கோடு வெளியே வந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவள் கையும் வெளியே வந்தது. விரலிடுக்கில் சாம்பல் ஒட்டியிருந்தது.

வண்டி திரும்பி முடித்தது. கைகாட்டி உள்ளே போய்விட்டது. அவள் கை போகவில்லை. தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கோவிலைத் தாண்டினோம், அப்போதும் கை நீட்டியபடியே இருந்தது. அவள் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதர் பாய்க்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முன்னால் குனிந்து, "போதும்த்தா" என்றேன்.

அப்புறம்தான் கையை எடுத்தாள்.

மாப்பிள்ளை, அந்தோணியார் கோவில் வாசலில் உன்னைக் கேட்டேனே, அதே வாசலைப் பார்த்து இப்போது சொல்கிறேன். அந்தச் சீட்டில் அவள் எத்தனை வருஷம் கையை நீட்டினாலும் "உள்ளே எடு" என்று என் வாயில் வராது. வளைவு முடிந்ததும் "போதும்" சொல்லக் காதர் பாய்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் மறந்தால் பின்சீட்டில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
பதினோரு மாதம் உன் வாசலை மிதிக்காமல் இருந்த, இனி தினமும் மிதிக்கப் போகிற
உன் மச்சான்,
சந்தியாகு