நான் ஜெயித்த பழைய டிராக்

ஜூன் 3, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். வேலம்பாளையத்து ரேஸ் டிராக்கை மூடிவிட்டு, அருள்புரம் தாண்டிப் புதிதாக ஒன்று கட்டப்போகிறார்களாம். பேப்பரில் வந்திருக்கிறது. பத்து வருஷம் முன்னால் டீக்கடையில் சொன்னேன். எத்தனை வளைவு என்பதுகூடச் சொன்னேன். டீக்கடை மொக்கைச்சாமிக்குத்தான் ஞாபகம் இல்லையாம்.

ஆனால் விடமாட்டேன். 1996இல் நான் முதல் பரிசு வாங்கிய டிராக் அது. லட்சம் பேர் பார்த்தார்கள். சரி, ஐநூறு பேர். 21ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். பழையதே இருக்கட்டும் என்று பேசப் பேர் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா மகள் இக்ரா வந்தாள். வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிறானால் பைக்கும் அந்த டிராக்கும்தான். நம் ரத்தம்.

கடைசி வளைவை ஒட்டிச் சுவர் நிற்கிறது, விழுந்தால் அதில்தான் மோத வேண்டும், புதிய இடத்தில் வளைவுக்கு வெளியே மணல் பரப்புவார்கள் என்றாள். பைக் ஓட்டுகிறவர்கள் சார்பில் கூட்டத்தில் பேச அவளைக் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றுவிட்டாளாம்.

"ஏன் கண்ணு?"

"நீங்க ஜெயிச்ச எடமுங்க மாமா. அதை மூடுங்கன்னு நான் எப்படிங்க மைக்கப் புடிக்கறது?"

நெஞ்சு இரண்டு இஞ்ச் விரிந்தது. அவள் போனதும் என் வீட்டுக்காரி காத்தூன் பீவி கேட்டாள்: "பெருமையா இருக்குதுங்களா?" கேட்ட விதம் சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

காத்தூன் கேட்டதே மண்டைக்குள் ஓடியதில், கறுப்பு எலாஸ்டிக் கேட்ட பனியன் கம்பெனிக்கு வெள்ளையை அனுப்பிவிட்டேன். முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவை. இரண்டாவது என்றே வைத்துக்கொள்வோம்.

ஜூன் 15, ஞாயிறு

இக்ரா விழுந்துவிட்டாள். அதே வளைவு, அதே சுவர். தோள் எலும்பில் விரிசல். ஹெல்மெட் முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பு. "ஒண்ணுமில்லீங்க மாமா" என்று சிரிக்கிறாள். இன்னும் ஒரு அடி தள்ளி விழுந்திருந்தால் — எழுதமாட்டேன்.

காத்தூன்: "இப்பவாச்சும் அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடுங்க."

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். 1996இல் நான் வண்டியே ஓட்டவில்லை. ஜெயிக்கிறவருக்கு 'முதல் பரிசு' என்று பிரிண்ட் போட்ட பனியன் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு பீஸ் கேட்டால் ஒரே பீஸா வெட்டுவோம்? டேமேஜ் ஆனால் மாற்ற ஒன்று கூடவே வெட்டினேன். மிச்சமான அதைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

இக்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப ஜெயிச்சது யாருங்க?"

"ராஜபாண்டின்னு ஒருத்தரு. சோமனூர்ல தறி ஓட்டறாரு."

"எக்ஸ்ட்ரா பீஸ வெச்சுட்டா மாமா இத்தன வருசம்..." சிரித்தாள். தோள் வலித்து நிறுத்தினாள். எனக்குக் கண் கரித்தது.

"சனிக்கெழம பேசறயா கண்ணு?"

"பேசறேனுங்க."

ஜூன் 21, சனி

கையில் கட்டோடு நின்று பேசினாள். புதியதே வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். நானும் எழுந்து, என் 1996 கதை பொய் என்று சபையறியச் சொன்னேன். மண்டபமே கை தட்டியது.

டிசம்பர் 7, ஞாயிறு

புதிய டிராக்கில் வேலை நடக்கிறது. இக்ரா பைக்கில் கூட்டிப்போய்க் காட்டினாள். தோள் சரியாகிவிட்டது. வளைவுக்கு வெளியே மணலில் இறங்கினேன், முழங்கால்வரை புதைந்தது. கணுக்கால்வரை.

ஜூன் 21இல் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் எதையும் சொல்லவில்லை. என் பேரைக் கூப்பிடும் முன்பே இவள் மைக்கில், "இந்த டிராக்குல ஜெயிச்ச எங்க மீரா சாகிப் மாமாவே புதுசுதான் வேணும்ங்கறாருங்க" என்றுவிட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

எழுந்து கையசைத்தேன்.